காலி சீட்டு

"ஆள் ஏத்தாத வண்டிக்குப் புது பிரேக்கு ஒரு கேடா?"

சாப்பாட்டுக் கூடையை இறக்கி வைக்கும்போதே கிரேஸ் ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் எபினேசர் காதில் வாங்கவே இல்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில், தன் பழைய பச்சை லாரிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெக்கானிக் சாம்சனின் கால் மட்டும் தெரிந்தது.

"உடும்மா, வயசான காலத்துல ஏதோ ஆசை" என்றாள் மகள் மெர்சி.

சொன்னாளே தவிர, அவளுக்கும் அந்த லாரியைப் பார்த்தால் சுருக்கென்றுதான் இருக்கும்.

காலனிக்கே முதல் லாரி அது; மெர்சிக்கு எட்டு வயசில் வாங்கியது. காலையில் ஏழு மணிக்கு ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் மெர்சி என்று அம்மா கம்பெனிக்கு நடப்பாள். போகிற வழியில்தான் மெர்சிக்கு ஸ்கூல். கூடவே காலனிப் பொம்பளைங்க பத்துப் பேர், ஊர்க்கதை பேசிக்கொண்டு.

தூரத்தில் உறுமல் கேட்டதுமே மெர்சி துள்ளுவாள். "எங்கப்பா!"

லாரி ஒரு ஹாரன் அடிக்கும். காலி சீட்டோடு போய்க்கொண்டே இருக்கும்.

"லாரி வந்ததும் பொண்டாட்டி புள்ளகூட கண்ணுக்குத் தெரியல பாரு" என்பாள் கூட வருகிறவர்களில் ஒருத்தி.

அம்மா நடையை எட்டிப் போடுவாள். அப்படி நடந்து நடந்து தேய்ந்த முட்டியால்தான், இப்போது ஷேர் ஆட்டோவில் ஏறவே ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் அந்த உறுமலைக் கேட்டால் மெர்சிக்கு இன்றைக்கும் எட்டு வயசாகிவிடும்.

சாம்சன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "முடிஞ்சுது மாமா."

"அப்படி இன்னாடா செஞ்ச?" என்றாள் கிரேஸ்.

"சக்கரத்துல இருக்கற பிரேக் டிரம்மு பழசுதான் அத்தை. பெடல அமுக்கினா ஆயிலத் தள்ளுதே, அந்த மாஸ்டர் சிலிண்டர்தான் புதுசு. முன்ன எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். எங்கனா ஒரு ஓட்டை உயுந்தா மொத்தமும் அவுட்டு. இப்ப முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு புடிக்கும். இதுக்குப் பொருந்தறதா தேடச் சொல்லி நாலு வருசமா என் உசுர எடுத்துட்டாரு."

எபினேசர் ஏறி உட்கார்ந்தார். மெர்சி ஓடிப்போய் அந்தப் பக்கக் கதவைப் பிடித்தாள்.

"நானும் வரேம்பா."

"வாணாம். நான் தனியா போய்ட்டு வரேன்."

"பாத்தியா? எத்தினி பிரேக்கு மாத்தினாலும் மனுசன் மாறல" என்றாள் கிரேஸ்.

மெர்சிக்கு முகம் சுண்டிப்போனது.

எஸ்டேட் ரோட்டின் இறக்கத்தில் லாரி வேகமாகப் போனது, நின்றது. திரும்பி வந்து, மறுபடி போனது, நின்றது. ஐந்தாறு தரம். கடைசியில் நேராக வந்து கிரேஸ் முன்னால் நின்றது. எபினேசர் எட்டி, இந்தப் பக்கக் கதவைத் திறந்தார்.

"ஏறு கிரேஸு."

"இன்னாத்துக்கு? புள்ளைய இட்டுக்கினு நடந்தப்ப ஏத்தாதவரு, முட்டி போனப்புறம் ஊர்கோலமா?"

எபினேசர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாங்கின ரெண்டாவது மாசம், ரயில்வே கேட்டாண்ட ஆயில் பைப்பு வெடிச்சிடுச்சி. பெடலு தரையோட போச்சு. கழனில எறக்கித்தான் நிறுத்தினேன். நல்லவேள, அந்த சீட்டுல யாரும் இல்ல. பைப்ப ஒட்டி ஓட்டினேன். ஆனா மறுபடி எப்ப போவும்னு யாருக்குத் தெரியும்?"

கிரேஸ் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "இத்தினி வருசமா இத ஏன்யா சொல்லல?" என்றாள்.

"சொல்லியிருந்தா, என்னையும் ஏற உட்டிருக்க மாட்டியே."