ஒரே முகாம்

"உனக்குப் பசிக்கலையா?"

வெள்ள முகாமில் ஏழு வயது எப்சிபா இப்படிக் கேட்டுத்தான் தன் பன்னில் பாதியை மங்கைக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

இன்று மங்கை மேற்படிப்பு விண்ணப்பத்தில் தன் வாழ்க்கைப் பின்னணியாக அந்த முகாமைப் பற்றி எழுதி முடித்ததும் திரை கேட்டது: "ஒரு துயரத்தை ஒருவர் மட்டுமே பதியலாம். இந்த முகாமை உங்கள் பெயரில் பதியவா?"

அதற்குள் எப்சிபா போனில் வந்தாள். "முகாமைப் பத்தி எழுதிட்டியாடி? என்கிட்ட வேற கஷ்டமே இல்ல. கஷ்டம் எதுவும் எழுதலன்னா சீட் போயிடும்."

"நீயே எழுதுடி. என்கிட்டதான் மூட்டை மூட்டையா இருக்கே."

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த மங்கை, பொய் சொன்னதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாள். எழுதியதையெல்லாம் அழித்தாள். 'பட்ட துயரங்கள்' என்ற கட்டத்தில், 'எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.