தூக்க வசதியானது

அந்த அம்மாள் எந்த ஸ்பீக்கரின் சத்தத்தையும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் தூக்கியே பார்த்தார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சின்னக் கச்சேரிக்குப் போற பேண்டுக்குண்ணே. தூக்க வசதியா இருக்கணும்."

"இதுல சக்கரமே இருக்கும்மா. கரண்ட் இல்லாட்டியும் பேட்டரியில ஆறு மணி நேரம் பாடும்."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்ப பூங்கா, கடற்கரைன்னு எங்க வேணா கொண்டுபோகலாம்?"

"தாராளமா! பேண்டுல உங்க பசங்களா?"

"இல்லண்ணே, மாடிவீட்டுப் பசங்க. நாளைக்கு அவங்க டிரம்ஸ்காரனுக்குப் பிறந்தநாள். இதைக் கொடுத்தா வெளியில போய் வாசிப்பாங்கல்ல? நான் நர்சு. நைட் டியூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்கணும்!"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொரு பேட்டரியையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இது என் அன்பளிப்பும்மா. கூட ஆறு மணி நேரம் தூங்குங்க!"