தூண்

பிற்பகல் வெயில் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு அவள் தேர்ச்சிப் பட்டியலில் தன் எண்ணைத் தேடுகிறாள். இல்லை. கணக்குத் தாளில் இது ஐந்தாவது முறை. அழுகைகூட வரவில்லை, கால்தான் வலிக்கிறது. கண்ணாடியிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறாள். பக்கத்தில் முதலாமாண்டுப் பெண்கள் இருவர். ஒருத்தி மற்றவளுக்குக் கல்லூரிப் பாஷை சொல்லிக்கொடுக்கிறாள். "ஒரு பேப்பர் போச்சுன்னா செங்கல். நாலு போச்சுன்னா சுவர். படிப்பு முடிஞ்சும் எழுத வந்துட்டே இருந்தா தூண். அவங்க போயிட்டா கட்டடமே விழுந்துடும்!" "யாருடி இதெல்லாம் கண்டுபிடிச்சது?" "யாருக்குத் தெரியும்? காலங்காலமா இருக்கு." காலங்காலமாவது! ஐந்து வருடம்தான் ஆகிறது. இதே பலகையில் இப்படிச் சாய்ந்து நின்ற ஒரு அக்காவைப் பார்த்து, தோழிகள் சிரிக்கட்டுமே என்று இவள்தான் தூண் என்ற சொல்லை முதன்முதலில் எடுத்துவிட்டாள். அந்த அக்காவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என்ன நல்ல மனசு என்று இவள் அன்று நினைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எந்த வருஷம்?" என்கிறாள் இருவரில் ஒருத்தி. இவள் நெற்றியை மெல்ல எடுத்துத் திரும்புகிறாள். "தூண்," என்று சொல்லிச் சிரிக்கிறாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "செம அக்காடி" என்று ஒருத்தி மற்றவள் காதில் சொல்வது நன்றாகவே கேட்கிறது.