காலி சிலிண்டர்

மயில்சாமி இறந்த பிறகும் கூடத்திலிருந்த மீன்தொட்டியை அவர் மனைவி சிவசங்கரி எடுக்கவில்லை. காலையில் தொட்டி விளக்கைப் போட்டு, உள்ளிருக்கும் செடிகளுக்குக் கரியமிலவாயு விடும் சிலிண்டரின் திருகைத் திறப்பாள். பொழுது சாய்ந்தால் இரண்டையும் நிறுத்துவாள். "நாம வெளிய உடற மூச்சேதான் இது. வெளிச்சம் இருந்தாத்தான் செடிக குடிக்கும். இருட்டுல திறந்து உட்டா மீனுக மூச்சு முட்டிச் செத்துரும்" என்று மயில்சாமி சொல்லியிருந்தார்.

சித்தூர் மீன்தொட்டிக் கடைக்காரர் சிலிண்டர் மாற்ற எலப்புள்ளியில் அவள் வீட்டுக்கே வந்தார். தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது காலியாகி ரொம்ப நாளாயிருக்குமுங்க."

"குமிழி வந்துட்டுத்தானுங்க இருக்குது."

தொட்டிக்குள் வாயுவின் அளவைக் காட்டும் கண்ணாடி உருண்டை நல்ல பச்சையாக இருந்தது. வாயு இல்லையென்றால் அது நீலமாகிவிடும். கடைக்காரர் அதைக் குனிந்து பார்த்தார். புதியது நாளைக்கு வரும் என்று சொல்லி, காலி சிலிண்டரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சிலிண்டரில் மாட்டியிருந்த குழாயின் நுனி சுவரோரம் சும்மா தொங்கியது; தொட்டிக்குள் குமிழி வந்துகொண்டே இருந்தது.

சிவசங்கரி துணி மடித்தாள். காப்பி போட்டுக் குடித்தாள். பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்தாள். குமிழிகள் நிற்கவில்லை. அவள் சோறு தின்று கை கழுவி வந்தபோது, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூடுவதற்குத் திருகு எதுவும் இல்லை.

அவள் தொட்டியருகே குனிந்தாள்.

"ஏனுங்க, விளக்கு அணைச்சாச்சுங்க."

குமிழிகள் நின்றன. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.