காலையில் ஊட்டிய பால்

லிங்கராஜபுரத்துச் சந்தில் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைக்குள், கூரை ஓட்டைகள் வழியாகக் காலை வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர் ரூபினி, ஐஸ் பெட்டியைத் திறக்காமலே சிவலைப் பசுவின் வாயைப் பிளந்து நாக்கை வெளியே இழுக்கிறாள். தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருக்கிறது நாக்கு. மாட்டுக்காரி மரியபுஷ்பம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எச்சில் நூலாக வழிந்து அவள் பாதத்தில் விழுகிறது. காலை நகர்த்தவும் அவளுக்குத் தோன்றவில்லை. "கோமாரிதாம்மா. இதுக்கு இப்ப ஊசி போட முடியாது, பக்கத்துக் கொட்டாய்ங்களுக்குப் போடறேன். இன்னையிலேர்ந்து மாடு வெளிய போகக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாது." "பொழைச்சிக்குமா மேடம்?" "பெரிய மாடு பொழைச்சிக்கும். கன்னுக்குத்தான் பயம். நெஞ்சுல எறங்கிடுச்சின்னா நின்ன எடத்துலயே விழுந்துடும். பால் வழியாவும் பரவும். காலையில ஊட்ட விட்டீங்களா?"

விடியற்காலையில் பசு தீனி எடுக்காமல் நிற்பதைப் பார்த்து, கறக்க மனம் வராமல், கன்றை வயிறு நிறையக் குடிக்க விட்டவள் மரியபுஷ்பம்தான். "விட்டேன் மேடம்," என்கிறாள், தனக்கே கேட்காத குரலில். ரூபினி கையுறையை மாற்றிக்கொண்டு, மூலையில் படுத்திருக்கும் கன்றின் அருகே மண்டியிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை அதன் விலாவில் வைக்கிறாள். வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அது தேய்ந்து மறையும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு ரூபினி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, சற்றுத் தள்ளி, மறுபடியும் வைத்துக் கேட்கிறாள்.