முதுகில் ஒரு மெத்தைக் கடை

"பொண்ணைப் பார்த்தாலே தெரியுதே, வீராங்கனைன்னு!" என்றார் மெத்தைக் கடைக்காரர். கல்லூரியில் படிக்கும் வயது, தோளில் ஆளுயரப் பை, பைக்குள் வாள். அவருக்குப் பாதி மனசு அப்போதே இளகிவிட்டது.

பக்கத்தில் அவளுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இருவரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. அக்கா தங்கை என்றால் நம்பிவிடலாம்.

"வாள்சண்டைப் போட்டிண்ணே. இதுல ஜெயிச்சா வெளிநாட்டுப் போட்டிக்கு எடுத்துப்பாங்க. ஆனா போட்டி நடக்கிற ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே நாக்குத் தள்ளிடுது," என்றாள் அம்மா. "முதல் தடவை டிக்கெட்டுக்கே வழியில்லை. அடுத்த தடவை டிக்கெட் இருந்தும் பஸ்ல ஏத்தமாட்டேன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"பையில வாள் இருக்குன்னுதான் அங்கிள்," என்றாள் மகள். "நுனி மழுங்கினதுங்கன்னு காட்டினேன். மொட்டையா இருந்தாலும் கத்தி கத்திதான்னு கண்டக்டர் நடுவழியில இறக்கிவிட்டுட்டார்."

உதவி கேட்டு டயர் கடை, மருந்துக் கடை எல்லாம் ஏறி இறங்கியாயிற்றாம். பந்து விளையாட்டாக இருந்தால் சொல்லுங்கள், வாள்சண்டையை யார் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்களாம்.

பையிலிருந்து எட்டிப்பார்த்த வெள்ளைச் சட்டையைக் கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தடிப்பாக, மெத்து மெத்தென்று இருந்தது. கடையில் ஈயோட்டிக்கொண்டிருந்தவருக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"அட, இது மெத்தையேதான்! முதுகுல நம்ம கடைப் பேரைப் போட்டுக்கணும். கீழே 'குத்தினாலும் வலிக்காது'ன்னு ஒரு வரி. சம்மதமா?"

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "சம்மதம்ணே. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். போட்டியில கலந்துக்கறது..."

"பெரிய விஷயம்மா! எனக்குத் தெரியாதா?" அவர் யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதாகச் சரித்திரமே இல்லை. "செலவு என்னோடது. அந்த ஊர் விடுதிக்கு மெத்தை ஏத்திட்டு நானே வேன்ல போறேன். ரெண்டு பேரும் வந்துடுங்க. எந்தக் கண்டக்டர் இறக்கிவிடறான்னு பார்த்துடலாம்."

வீட்டில் மனைவி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "தலையணை விக்க வக்கில்லை, வாளுக்கு வள்ளலா நீங்க?"

"நீ பாரு, அந்தப் பொண்ணு நம்ம பேரைக் காப்பாத்தும்," என்று சொல்லிவிட்டுச் சட்டையை அச்சுக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்.

போட்டியன்று விடிந்ததும் வேன் கிளம்பியது. "பாப்பா, நீ பின்னாடி மெத்தையில படுத்துத் தூங்கு. அம்மா முன்னாடி உட்காரட்டும்," என்றார்.

"வேணாம் அங்கிள், அம்மா தூங்கட்டும். நான் உங்களோட பேசிட்டு வரேன்."

அம்மாக்காரி மறுபேச்சில்லாமல் ஏறிப் படுத்தவள், அடுத்த திருப்பத்துக்குள் குறட்டைவிட ஆரம்பித்துவிட்டாள். இந்தக் காலத்தில் பெற்றவள்மேல் இப்படி ஒரு பாசமா என்று கடைக்காரர் மெச்சிக்கொண்டே வேனை ஓட்டினார்.

பாதி வழியில் டயர் காற்றுப் போனது. அவர் தலையில் கை வைப்பதற்குள் மகள் குதித்து இறங்கி ஜாக்கியை முடுக்க, அவர் மாற்று டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒருவழியாக அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெயர் பதியும் மேசையை மூடப்போகிறார்கள். அம்மாவும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார்கள். அவர் மெத்தை இறக்கக் கிளம்பினார்.

விடுதிக்காரனிடம் மல்லுக்கட்டிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் இறுதிச் சுற்றே நடந்துகொண்டிருந்தது. உட்கார இடமில்லை. மேல் வரிசைக் கதவோரமாக நின்று எட்டிப்பார்த்தார்.

கீழே இரண்டு வெள்ளை உருவங்கள், முகத்தில் கம்பிவலை முகமூடி. ஒன்றின் முதுகில் அவர் கடைப் பெயர்! உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏய், இறுதிச் சுற்றுடி! நம்ம பொண்ணு நின்னு ஆடுது!"

பக்கத்தில் நின்றவர் உச்சுக்கொட்டினார். "உங்களுக்கு வேண்டியவங்களா? முந்தின சுற்றுல இவங்க வாள் ஒண்ணு உடைஞ்சுபோச்சு. மாத்து வாள்கூட இல்லாம ஆடறாங்க. இதுவும் போச்சுன்னா வெளியே வர வேண்டியதுதான்."

செலவோடு செலவாக இன்னொரு வாளும் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அம்மாக்காரியைத் தேடினார், கண்ணில் படவில்லை. பெற்ற வயிறாயிற்றே, மகள் குத்து வாங்குவதைப் பார்க்கப் பயந்து எங்கேயாவது சாமியை வேண்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டு பக்கமும் சம புள்ளி. அடுத்த குத்து யாருடையதோ, கோப்பை அவருடையது.

மெத்தைக் கடை மெல்லப் பின்வாங்கியது. எதிராளி ஆசைப்பட்டு முன்னே வந்தாள். அவ்வளவுதான். வளைந்து, தாழ்ந்து, பாய்ந்த பாய்ச்சலில் மெத்தைக் கடைப் பக்கத்துப் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஜெயிச்சாச்சுடி!" கடைக்காரர் போனோடு குதித்தார். "என்ன பாய்ச்சல்டி அது! இந்த வயசுல பாயாம வேற எந்த வயசுல பாயறது? எல்லாம் இளரத்தம்டி, இளரத்தம்!"

பின்னால் கதவு தடாலென்று திறந்தது. எங்கேயோ இரவல் வாங்கிய வாளைக் கையில் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மகள் ஓடிவந்தாள்.

"அங்கிள், அம்மா ஜெயிச்சுட்டாங்களா?"