எஞ்சினுக்குள் தண்ணீர்

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாளே, தம் கார் சபாக் நகரப் பட்டறையில் கிடப்பதறிந்து மருமகள் அபிகெயிலோடு அங்கே வந்துவிட்டார் பெர்னாட்.

மெக்கானிக் புவனேசன் எஞ்சினின் ஆயில் அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது.

“வெள்ளத்துல ஓட்டுனதுல எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருச்சு அங்கிள்.”

பெர்னாட் மருமகளிடம் சீறினார். “நான் ஆஸ்பத்திரில கிடந்தப்ப என் கார எடுத்துட்டு ஊர் சுத்துனியா?”

அபிகெயில் தலைகுனிந்து நின்றாள்.

“அக்கா சொல்லலையா அங்கிள்?” என்றான் புவனேசன். “அன்னிக்கு வெள்ளத்துல உங்க சுங்கை பஞ்சாங் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர முடியலலா. மயங்கிக் கிடந்த உங்கள பின்சீட்டுல போட்டு அக்காதான் ஓட்டிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வந்துதான் கார் நின்னுச்சு. நான்தான் அங்கிருந்து இழுத்துட்டு வந்தேன்.”

பெர்னாட்டுக்கு மருமகளை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

“வெயில்ல நிக்காதீங்க மாமா,” என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவருக்கு உட்கார மனம் வரவில்லை.